சும்மா நடக்க ஒரு சாட்டு

வன்னியில் ஒரு பெண் பின்னேரம் ஐந்து மணிக்குக் கையில் பையோ குடையோ இல்லாமல் வீதியால் நடந்து போனால், படலையடியில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் போகவேண்டும். "எங்க பிள்ளை வெளிக்கிட்டாச்சு?" "ஆருக்கும் சுகமில்லையோ?" "சைக்கிள் காத்துப் போட்டுதோ?" கேட்கிறவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். கடைக்கு நடக்கலாம், கோயிலுக்கு நடக்கலாம், ரியூசன் முடிந்த பிள்ளையைக் கூட்டிவர நடக்கலாம். நடப்பதற்காகவே நடப்பதை எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் ஒரு காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு மருந்தெழுதுகிற டொக்டர், "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த அரை மணித்தியாலத்துக்கு ஊருக்கு என்ன சொல்வது என்பதற்கு அவரிடமும் மருந்தில்லை.

கைத்தொலைபேசி விளையாட்டுகள் உடம்பை அசைக்க வைக்குமா என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் படலையடிக் கேள்விகள்தான். வெளியே போக ஒரு சாட்டுக் கிடைத்தால் மனிதர் போவார்கள். அந்தச் சாட்டை விளையாட்டு தருகிறதா, தந்தால் எத்தனை நாளைக்குத் தருகிறது, எங்கள் மண்ணில் அது எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி நிறைய நாளாக எழுத நினைத்திருந்தேன்.

2016 யூலையில் போக்கிமோன் கோ வெளிவந்தபோது பல நாடுகளில் பிள்ளைகளோடு பெரியவர்களும் போனைக் கையில் பிடித்தபடி வீதிக்கு இறங்கினார்கள். இலங்கைக்கு அது இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டானோடு சேர்த்து அந்த வருட டிசம்பரில் வந்தது. அதைச் செய்த நியான்ரிக் நிறுவனத்தின் ஜோன் ஹாங்கி, பிறகு கூகுள் ஏர்த் ஆக மாறிய கீஹோலைத் தொடங்கியவர்களில் ஒருவர். வரைபடத்தோடு வாழ்ந்த மனிதர். அதனால் விளையாட்டிலும் ஊரின் வரைபடமே ஆடுகளம். அதில் ஒரு முட்டை கிடைக்கும். அது பொரிக்க 2 கிலோமீற்றரோ 5 கிலோமீற்றரோ 10 கிலோமீற்றரோ நடக்கவேண்டும். இருந்த இடத்தில் இருந்துகொண்டு அதைப் பொரிக்க முடியாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மொற் சிறுவர் ஆஸ்பத்திரியில் கட்டிலை விட்டு இறங்க மறுத்த பிள்ளைகளை நடைபாதைக்கு வரவைக்க இந்த விளையாட்டையே பயன்படுத்தினார்கள்.

நடந்தார்கள் என்பது கதையில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். 2016 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையான பிஎம்ஜேயில் ஹார்வர்ட் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. 18 முதல் 35 வயது வரையானவர்களின் போனில் பதிவான காலடிகளை, விளையாட்டை இறக்குவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். முதல் கிழமையில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 காலடி கூடியிருந்தது. ஏறத்தாழ 11 நிமிட நடை. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஆறாவது கிழமையில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மைக்ரோசொப்ற் ஆய்வாளர்கள் அதே காலத்தில் செய்த இன்னொரு ஆய்வில், விளையாட்டில் நன்றாக ஊறிப்போனவர்கள் 30 நாளில் சராசரியாக நாளுக்கு 1,473 காலடி கூடுதலாக நடந்திருந்தார்கள்.

ஆறு கிழமை என்றதும் பலர் அலட்சியமாகச் சிரிப்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, மோட்டார் சைக்கிளைத் தவிர வேறொன்றில் ஏறாத எங்கள் பக்கத்து ஆண்கள் கூடப் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார்கள். பரந்தனில் இருந்து கிளிநொச்சிக்கு, வட்டக்கச்சியில் இருந்து டவுனுக்கு என்று விடியவே மிதித்துக்கொண்டு போனார்கள். அந்த மாதங்களில் பலருக்கு இடுப்புச் சுற்றளவே குறைந்தது. பெற்றோல் வந்தது, கியூஆர் வந்தது, சைக்கிள் திரும்பவும் பத்திக்குள் போய்விட்டது. தேவை ஓட்டியபோது ஓடிய உடம்பு, தேவை போனதும் நின்றுவிட்டது. ஒரு கார்ட்டூன் முட்டையை மட்டும் ஏன் இதைவிட நீண்ட நாள் ஓட்டவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நடை என்ற சொல்லை எங்கள் மூத்த சனத்திடம் எடுத்தால் அவர்களுக்கு உடற்பயிற்சி நினைவுக்கு வராது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நடந்து, பிறகு கடலேரி தாண்டி வன்னிக்கு வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2008இன் பிற்பகுதியில் இருந்து 2009 மே வரைக்கும் பரந்தன்-முல்லைத்தீவு வீதியால், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடமாகக் கிளம்பி முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்து, பானையைத் தலையில் வைத்து நடந்த அந்த நடையை எந்தப் போனும் எண்ணவில்லை. "நடந்தது காணும் பிள்ளை" என்று ஒரு ஆச்சி சொன்னால் அதற்கு மேல் நான் ஒன்றும் பேசுவதில்லை. அவர்களை மீண்டும் நடக்க அழைப்பதென்றால், அந்த நடையில் பயம் இருக்கக்கூடாது, தனிமை இருக்கக்கூடாது, போகிற இடத்தில் யாராவது முகம் மலர்ந்து காத்திருக்கவேண்டும்.

இதனால்தான் 'சொம்பீஸ், ரன்!' என்ற விளையாட்டு எவ்வளவு கெட்டித்தனமாகச் செய்யப்பட்டது என்று தெரிந்தும், இங்கே என் வயதுக்காரருக்கு அதைச் சொல்லமாட்டேன். 2012இல் வந்தது; நாவலாசிரியை நயோமி ஆல்டர்மன் அதன் கதையை எழுதியவர். திரையைப் பார்க்கவே தேவையில்லை. காதில் கதை ஓடும், நீங்கள் அந்தக் கதையில் ஓடுகிற ஒருவர். இடையில் பின்னால் பிணங்கள் துரத்துகிற சத்தம் கேட்கும், வேகத்தைக் கூட்டித் தப்பவேண்டும். வரைபடமும் வேண்டாம், நகரமும் வேண்டாம், எந்த வயல் வரம்பிலும் விளையாடலாம் என்பது அதன் பெரிய சிறப்பு. ஆனால் முதுகுக்குப் பின்னால் துரத்துகிற சத்தத்தைக் கேட்டு உண்மையாகவே ஓடியவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல. இளம் பிள்ளைகளுக்கு அது பிடிக்கலாம். அவர்கள் விரும்பினால் விளையாடட்டும்.

போக்கிமோனுக்கு இங்கே வேறு சிக்கல். அதன் வரைபடத்தில் நின்று பொருள் எடுக்கிற இடங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அதற்கு முன் நியான்ரிக் செய்த இன்க்ரெஸ் என்ற விளையாட்டின் ஆட்டக்காரர்கள், தங்கள் ஊரில் இருந்த சிலை, சுவரோவியம், நினைவுக்கல், தேவாலயம் என்று படமெடுத்து அனுப்பியவைதான் அடிப்படை. அந்த ஆட்டக்காரர் எங்கே அதிகமோ அங்கே இடங்களும் அதிகம். அமெரிக்காவிலேயே நகரத்துக்கும் வெள்ளையர் குடியிருப்புகளுக்கும் இடங்கள் கூட, கிராமத்துக்கும் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளுக்கும் குறைவு என்று 2017இல் ஆய்வாளர்கள் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அப்படியென்றால் எங்கள் உள்ளொழுங்கைகளைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? தம்பியின் மகன் ஒருமுறை திறந்து காட்டினான். வீதி இருந்தது, குளம் நீலமாக இருந்தது, மற்றபடி பச்சை வெளி.

எனக்கு அதைவிட மனதில் தைத்தது வேறு. ஒரு இடத்தைப் 'பார்க்கவேண்டிய இடம்' என்று பதிவு செய்கிறவர் யார்? ஏ9 வீதியால் பஸ்ஸில் வந்துபோகிறவருக்குக் கிளிநொச்சியில் நிற்கிற போர் வெற்றி நினைவுச்சின்னம் தெரியும், போரில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கி தெரியும். ஒழுங்கை முடிவில் ஆலமரத்தடியில் இருக்கிற பிள்ளையாரையும், மாலையில் கரப்பந்து அடிக்கிற சனசமூக நிலைய வளவையும், வாய்க்கால் மதகையும் இங்கே இருக்கிறவர்கள்தான் பதியவேண்டும். நாங்கள் பதியாவிட்டால், எங்கள் பிள்ளைகள் நடக்கப்போவது மற்றவர்கள் குறித்துவிட்டுப் போன இடங்களை நோக்கித்தான்.

மிதிவெடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மண்ணில் வரைபட விளையாட்டைப் பற்றிப் பேசவே முடியாது. 2016 யூலையில், விளையாட்டு வந்த கொஞ்ச நாளிலேயே, பொஸ்னியாவில் மிதிவெடி அகற்றும் வேலையோடு தொடர்புடைய ஒரு அமைப்பு ஆட்டக்காரருக்கு அவசர எச்சரிக்கை விடுத்தது. போக்கிமோன் தேடி அபாயப் பலகை போட்ட காணிகளுக்குள் போகிறார்கள் என்று தகவல் வந்ததாம். அங்கே போர் முடிந்து அப்போதே 20 வருடம் கடந்திருந்தது. எங்களுக்கு இன்னும் அந்த அளவு காலம்கூடப் போகவில்லை. முகமாலைப் பக்கம் வருடக்கணக்காக முழங்காலில் இருந்து மண்ணைக் கிண்டிக் கிண்டி வெடி எடுத்தவர்களில் நிறையப் பேர் எங்கள் ஊர்ப் பெண்கள். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028 யூன் வரை தவணை. அதுவரைக்கும் அதற்குப் பிறகும்கூட, எங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பாடம் "பாவனையில் உள்ள பாதையை விட்டு விலகாதே" என்பதுதான். பாதையை விட்டு விலகச் சொல்லும் எந்த விளையாட்டும் இங்கே ஆகாது, அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும்.

யானையும் அப்படித்தான். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறவர்களிடம் மம்மல் பொழுதில் காட்டோர வீதியால் நடக்கச் சொன்னால், சொன்னவரைத்தான் பார்ப்பார்கள். குளக்கட்டில் இருட்டினால் பாம்பு. மாரியில் குளம் வான் பாயும் நாட்களில் பாதையே தண்ணீருக்குள். மத்தியானத்தில் வெயில். ஆக விடிய ஆறில் இருந்து எட்டு, பின்னேரம் நாலரையில் இருந்து ஆறேகால் என்று இரண்டு சின்ன இடைவெளிதான் எங்களுக்கு. விடிய இடைவெளியில் பெண்கள் அடுப்படியில்.

இவ்வளவையும் மீறி எங்கள் ஒழுங்கையில் நடை நடக்கிறது. அதைச் செய்தது எந்தப் பெரிய நிறுவனத்தின் விளையாட்டும் அல்ல. போனில் சும்மா கிடந்த காலடி எண்ணும் செயலி ஒன்றும் ஒரு வட்ஸ்அப் குழுவும்தான். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கிற தாய்மார் சிலர் தொடங்கினார்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் அன்றைய எண்ணிக்கையைப் படமெடுத்துப் போடவேண்டும். கூடுதலாக நடந்தவருக்கு மற்றவர்கள் ஒரு பூப் போடுவார்கள். அவ்வளவுதான் விதி. யாராவது போடாவிட்டால் ஒன்பது மணிக்குப் போன் வரும்: "அக்கா, இண்டைக்கு ஏன் அனுப்பேல்ல? காய்ச்சலோ?" அந்தப் போனுக்குப் பயந்தே நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சிரிப்பார்கள். எனக்கு அது பயமாகத் தெரியவில்லை, யாரோ எங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்ற தெம்பாகத்தான் தெரிகிறது. படலையடிக் கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது. "குறூப்பில போட்டி மாமி, இண்டைக்கு நான் பின்னுக்கு நிக்கிறன்" என்றால் போதும். கேட்ட மாமி அடுத்த கிழமை தானும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன், அது காலடி எண்ணாது. மகளோடு சேர்ந்து நடக்கிறபடியால் மகளின் எண்ணிக்கையே அவருக்கும் என்று குழு முடிவெடுத்தது.

இது எங்கள் ஒழுங்கையின் கண்டுபிடிப்பு அல்ல என்று பிறகு வாசித்தபோது தெரிந்தது. 2019இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிதேஷ் பட்டேல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் உடற்பருமன் கூடிய 602 ஊழியர்கள் பங்குபற்றினார்கள். கிழமைத் தொடக்கத்தில் விளையாட்டில் சேர்ந்த எல்லோருக்கும் 70 புள்ளியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். குறித்த காலடியை எட்டாத ஒவ்வொரு நாளுக்கும் 10 புள்ளி கழியும். கையில் இருப்பது போகிறதே என்ற தவிப்புத்தான் அங்கே சூட்சுமம். இதற்கு மேல் ஒரு பகுதியினருக்கு வீட்டாரோ நண்பரோ துணை நின்றார்கள். ஒரு பகுதியினர் மூவர் மூவராக அணி சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் மூவர் மூவராகப் போட்டியிட்டார்கள். 24 கிழமை முடிவில் மூன்று பகுதியும், காலடியை மட்டும் எண்ணியவர்களைவிடக் கூடுதலாக நடந்திருந்தன. போட்டியிட்டவர்கள்தான் முன்னுக்கு, நாளுக்கு 920 காலடி கூட. விளையாட்டை நிறுத்திய பிறகும் 12 கிழமை கவனித்தார்கள். அப்போதும் நடை தெளிவாகக் கூடியே நின்றது போட்டிப் பகுதியில் மட்டும்.

அதே குழு அதற்கு முன், 2017இல், 94 குடும்பங்களைச் சேர்ந்த 200 பேரோடு செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. ஒவ்வொரு நாளும் குடும்பத்தில் ஒருவருடைய பெயர் குலுக்கலில் விழும். முந்திய நாள் அவர் நடந்தாரா என்பதைப் பொறுத்து முழுக் குடும்பத்துக்கும் புள்ளி. யாருடைய பெயர் விழும் என்று தெரியாததால் எல்லோரும் நடந்தார்கள். விளையாடிய குடும்பத்தவர் நாளுக்குச் சராசரியாக 1,661 காலடி கூட்டினார்கள், விளையாடாதவர் 636. இதை வாசிக்கும்போது கிளித்தட்டுத்தான் எனக்குக் கண்ணில் வந்தது. நாங்கள் விளையாடிய விதத்தில், கோட்டில் நிற்கிறவர் கையில் ஒருவர் அகப்பட்டாலும் அணி முழுதும் வெளியே. அதனால் மெதுவாக ஓடுகிறவளை விட்டுவிட்டு யாரும் முன்னே போகமாட்டோம். அவளைக் காப்பாற்றக் கிளியின் கவனத்தை இன்னொருத்தி தன் பக்கம் இழுப்பாள்.

எத்தனை காலடி என்பதில் எங்கள் குழுவில் ஒரு சண்டை நடந்தது. பத்தாயிரம் என்று யாரோ சொல்ல, ஐம்பதைத் தாண்டியவர்கள் முகம் வாடிவிட்டார்கள். அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் தன் காலடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரில் இருந்து பரவியது, மருத்துவர் அளந்து சொன்னது அல்ல. 2019இல் ஐ-மின் லீ என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் வயது முதிர்ந்த 16,741 பெண்களிடம் பார்த்தபோது, நாளுக்கு 4,400 காலடி அளவில் நடந்தவர்களிடையே, 2,700 அளவில் நடந்தவர்களைவிட இறப்பு 41 வீதம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் நன்மை பெரிதாகக் கூடவில்லை. இதைக் குழுவில் போட்ட அன்று பின்னேரம் ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

போன் எண்ணுகிற விதத்திலும் எங்களுக்கு அநியாயம் நடக்கிறது. அது அசைவை உணர்ந்துதான் காலடியைக் கணக்கிடுகிறது. ஆண்கள் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். எங்கள் சட்டைக்குப் பையே இல்லை. சைக்கிள் கூடைக்குள் போட்டுக்கொண்டு இரணைமடுவரை மிதித்தாலும் அது பெரும்பாலும் கணக்கில் வராது. போக்கிமோனில் ஏறத்தாழ மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போனால் முட்டைக்கும் தூரம் சேராது; வாகனத்தில் போகிறவரைத் தடுக்க வைத்த விதி, சைக்கிள்காரரையும் சேர்த்துத் தண்டிக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது முழு வன்னியும் சைக்கிளில் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றும் எதிர்காற்றில் மிதிக்கிறார்கள். அந்த உழைப்புக்குப் புள்ளி இல்லாத விளையாட்டை எங்கள் விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அதேபோல் செயற்கைக் கால். மெதுவாகவும் சமனில்லாமலும் நடக்கிறவரின் காலடியைப் போன் குறைத்தே எண்ணும். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வந்து பார்த்தால், எங்களில் ஒருவர் கடைக்குப் போய்வந்த அளவு கூடக் காட்டாது. அவருக்கு மட்டும் காலடியை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணினோம். பிறகு எல்லோருக்கும் நிமிடத்தையே எண்ணலாம் என்று அவரே கேட்டார், தன்னைத் தனியாக வைக்கவேண்டாம் என்று. உலக சுகாதார நிறுவனமும் காலடி சொல்வதில்லை, கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவைத்தான் சொல்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கிறவர் கையால் தள்ளுவதை எண்ணும் வசதி 2016இலேயே அப்பிள் கைக்கடிகாரத்தில் வந்துவிட்டது. செய்ய முடியாத வேலை அல்ல. ஆனால் அந்தக் கடிகாரம் வாங்கும் காசு இங்கே யாரிடம் இருக்கிறது?

அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அங்கே கணினிப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இறுதி வருடத்தில் ஒரு செயற்றிட்டம் செய்யவேண்டிய தம்பி, தங்கச்சிமார் யாராவது இதை வாசித்தால், உங்களிடம்தான் கேட்கிறேன். ஒழுங்கைக்கு ஒழுங்கை, ஊருக்கு ஊர் போட்டி வைக்கிற ஒரு விளையாட்டைத் தமிழில் செய்யுங்கள். வட்டக்கச்சியும் உருத்திரபுரமும் மோதட்டும், முள்ளியவளையும் ஒட்டுசுட்டானும் மோதட்டும். நடையும் சைக்கிளும் நாற்காலியும் நிமிடத்தில் சேரட்டும். அன்றன்றைக்குக் குலுக்கலில் விழுகிற ஒருவரின் நடை முழு ஒழுங்கைக்கும் புள்ளியாகட்டும், பட்டன் போன் வைத்திருக்கிற மாமியின் பெயரும் அந்தக் குலுக்கலில் இருக்கட்டும். டேட்டா இல்லாமலும் ஓடவேண்டும், சிக்னல் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம். பாவனையில் உள்ள வீதியையும் குளக்கட்டையும் தவிர வேறெங்கும் ஒரு இடத்தையும் குறிக்கவேண்டாம், பின்னேரம் ஆறேகாலுக்குப் பிறகு யாரையும் வெளியே அழைக்கவேண்டாம். பெண்கள் நிற்கிற இடத்தை வெளி ஆட்களுக்குக் காட்டவே வேண்டாம். சோதித்துப் பார்க்க ஆட்கள் தேவையென்றால் எங்கள் ஒழுங்கை தயார். கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள், பின்னேரம் நாலரைக்குப் பிறகு எந்த நாளும் வரலாம்.